பெயர் ஒத்துப்போச்சு, ஐடி போச்சு

வீட்டு வாசல் வரைக்கும் வருகிற ஆள் யார் என்று விசாரித்துத்தான் வேலைக்கு எடுக்கணும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2014 டிசம்பரில் டெல்லி டாக்சியில் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகுதான் இந்தப் பேச்சே சூடு பிடித்தது. அந்த டிரைவரிடம் இருந்த போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழே போலி என்று தெரியவந்தது.

ஆனால், விசாரித்ததில் என்ன வந்தது என்பதைச் சம்பந்தப்பட்டவனுக்கே காட்ட மாட்டேன் என்பது என்ன நியாயம்?

எங்கள் தெருத் தம்பி ஒருவர் ஆதார், பான், லைசென்ஸ், ஆர்சி, பாஸ்புக் எல்லாம் கொடுத்துத்தான் ஃபுட் டெலிவரி ஓட்டினார். ஒருநாள் காலையில் ஆப்பைத் திறந்தால் ஐடி பிளாக். பின்னணிச் சரிபார்ப்பில் தேறவில்லையாம். சப்போர்ட் சாட்டில் எதைக் கேட்டாலும் அதே ஒற்றை வரி. டீம் லீடர் போனை எடுக்கவே இல்லை. என்ன கேஸ், எந்தக் கோர்ட், எந்த வருஷம்? மூச்சு விடவில்லை. தம்பியோ போலீஸ் ஸ்டேஷன் படியே ஏறாதவர். அதே பெயரில் வேறு யாரோ மாட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நம்மூர்ப் பெயர்களைப் பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசென்ஸில் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. கோர்ட் வழக்கு விவரங்களைத் தேடிப் பார்க்கிற இ-கோர்ட்ஸ் தளத்தில் குமார் என்று போட்டுத் தேடினால் மாவட்டத்துக்கு மாவட்டம் வந்து விழும். அதில் விடுதலையானவர் இருப்பார். செக் பவுன்ஸ் ஆகிப் பணத்தைப் பறிகொடுத்து, தானே கேஸ் போட்டவரும் இருப்பார்! பெயரை மட்டும் வைத்து ஆளைப் பிடித்தால் வேறென்ன நடக்கும்?

2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பெரிதாக நம்பியிருந்தேன். அதன் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான காரணம் என்றால் ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாள இடம் தருகிறது. தகவலைக் கேட்டுப் பெறவும் திருத்தவும் 11, 12ஆம் பிரிவுகள் தரும் உரிமையோ, நாம் ஒப்புதல் கொடுத்த தகவலுக்குத்தான். பிஎஃப் கேட்டால் நீ ஊழியனே இல்லை, பார்ட்னர் என்கிற கம்பெனி, இந்த இடத்தில் மட்டும் முதலாளி வேஷம் கட்டாது என்று என்ன நிச்சயம்?

ஆப் வழியாக வேலை செய்கிறவர்களுக்கான கர்நாடகத்தின் 2025 சட்டம், காரணத்தை எழுத்தில் சொல்லி 14 நாள் முன்னறிவிப்பு தராமல் பொதுவாக யாரையும் நீக்க முடியாது என்கிறது. தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்காக 2023இல் அமைத்த நலவாரியம் இருக்கிறது, நல்லது. இ-ஸ்கூட்டர் மானியத்தோடு இதையும் அந்த வாரியம் கையில் எடுக்கட்டும்: ஐடியைப் பிளாக் செய்வதற்கு முன்பே சரிபார்ப்பு அறிக்கையின் நகல் அந்தத் தொழிலாளி கைக்கு வரணும், அது நான் இல்லை என்று சொல்ல அவருக்கு அவகாசம் வேணும்.