போர் என்று அறிவித்தால்தான் போரா?

2025 மே 8, காலை. இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் செந்தூராவைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏங் கண்ணு, போர்னு அறிவிச்சிட்டாங்களா?" மகன் ராணுவத்தில், ஜம்மு பக்கம். ராத்திரி முழுக்க டிவியில் போர், போர் என்றே பேச்சு. "இல்லைம்மா, அறிவிக்கலை" என்றேன். "அப்பாடா" என்று குனிந்துகொண்டார்.

அந்த "அப்பாடா" மனதை அறுத்தது. நான் சொன்னது உண்மைதான், ஆனால் எல்லையில் நிற்கிற பையனுக்கு அதனால் என்ன பயன்?

ஒரு காலத்தில் போருக்கு வாசலும் உண்டு, கதவும் உண்டு. அறிவித்துவிட்டுத் தொடங்கு என்றது 1907 ஹேக் ஒப்பந்தம், சண்டை முடிந்ததும் உடன்படிக்கை. கிருஷ்ணகிரியைச் சுற்றிய நம் பாராமகால் பகுதி 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியதும் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால்தான். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை முந்தின வருடம் தாக்கிய கம்பெனிப் படையால் அதைப் பிடிக்க முடியவில்லை.

அப்புறம் அரசுகள் அந்தச் சொல்லையே ஒளித்துவைக்கப் பழகின. 1937-ல் ஜப்பான் சீனாவுக்குள் படையோடு புகுந்து நகரங்களை அழித்தது. அதற்கு அது வைத்த பெயர் "சீனச் சம்பவம்". போர் என்று சொன்னால் போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்பதைத் தடுக்கும் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் குறுக்கே வரும், சரக்கு நின்றுபோகும். சீனாவும் 1941 டிசம்பர் வரை முறையாக அறிவிக்கவில்லை. அத்தனை வருடமும் செத்தவர்கள் சட்டப்படி எந்தப் போரிலும் சாகவில்லை!

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் போரில் சிக்கியவர்களைக் காக்கும் 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் இரண்டாவது பிரிவிலேயே தெளிவாகச் சொல்லின: அறிவித்த போரோ, வேறு ஆயுத மோதலோ, ஒரு தரப்பு போர் என்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும் இந்த விதிகள் பொருந்தும். இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் இதை ஏற்றவை. "போரே இல்லை, அப்புறம் என்ன ஜெனீவா?" என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். நம் நாட்டிலும் 1962-ல் சீனாவோடு நடந்தது அறிவிக்கப்படாத போர். நெருக்கடி நிலை மட்டும் அக்டோபர் 26-ல் பிரகடனமாகி 1968 ஜனவரி வரை நீடித்தது. என் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தில்கூட "போர் அறிவிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும்" இழப்பீடு கிடையாது என்றுதான் இருக்கிறது. பணம் விஷயத்தில் இவ்வளவு தெளிவு இருக்கும்போது, மனிதர் விஷயத்தில் ஏன் குழப்ப வேண்டும்?

மே 10-ஆம் தேதி சண்டை நின்றது. மறுபடி மண்டிக்குப் போய் அந்த அம்மாவிடம் சொன்னேன்: ஜெனீவா விதிப்படி, பிள்ளை எதிரி கையில் சிக்கினால், அறிவிச்ச போரா இல்லையா என்கிற கேள்வியே வராது. அவனைக் கூட்டத்துக்கு முன்னால் வேடிக்கைப் பொருளாக நிறுத்தக் கூடாது. பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், இவ்வளவு சொன்னால் போதும். சண்டை ஓய்ந்ததும் தாமதிக்காமல் திருப்பி அனுப்பணும், சமாதான ஒப்பந்தம் வரட்டும் என்று வைத்திருக்க முடியாது.

காய்ப்பால் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இதை ஒரு காகிதத்துல எழுதிக் குடு கண்ணு, அவன் லீவுல வந்தா காட்டறேன்."