சுருட்டிய இலைக்குள் என்ன இருக்கிறது என்று ரோபோவுக்குத் தெரியாது

போன முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலை எங்கள் ஊர்க் குப்பைக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர்ப்பலகையில் 'வள மீட்பு மையம்' என்று இருக்கிறது; ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் சிறிய ஊர் எங்களுடையது. ஆனால் கல்யாண மண்டபம் மூன்று. முந்தின நாள் மூன்றிலும் கல்யாணம்.

நான் அங்கே போனதற்குக் காரணம் ஒரு காணொளி. அகமதாபாத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் குடும்பக் குழுவில் அனுப்பியிருந்தான். ஓடும் பட்டையின்மேல் குப்பை வருகிறது. மேலிருந்து ஓர் இயந்திரக் கை, நடவு வயலில் கொக்கு இரை பொறுக்குவதைப் போலக் கொத்திக் கொத்தி எடுக்கிறது. "சித்தப்பா, இது நம் ஊருக்கு வந்துவிட்டால் யாரும் குப்பையில் கை வைக்க வேண்டியதில்லை" என்று எழுதியிருந்தான். நல்ல மனதோடு எழுதியதுதான். ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் படித்தேன். பட்டைக்கு மேலே கேமரா இருக்கிறது. லட்சக்கணக்கான குப்பைப் படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி, வருவது பாட்டிலா, அட்டையா, டப்பாவா என்று நொடிக்குள் சொல்லிவிடுகிறது. பல இடங்களில் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கும் கருவியும் உண்டு. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் அந்த ஒளியை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்பும். அதை வைத்துத் தண்ணீர் பாட்டில் எது, ஷாம்பு பாட்டில் எது என்று அது பிரித்தறியும். உடனே ஓர் உறிஞ்சு கிண்ணம் இறங்கி, பொருளைக் காற்றால் கவ்வி, பக்கத்துத் தொட்டியில் போட்டுவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் 2014-இல் தொடங்கிய ஏஎம்பி நிறுவனம் தன்னுடைய ரோபோ நிமிடத்துக்கு 80 பொருட்கள் வரை எடுக்கும் என்கிறது. அகமதாபாத்திலேயே இஷித்வா என்ற நிறுவனம் இத்தகைய இயந்திரங்களைச் செய்கிறது. ஆகவே இது எங்கோ வெளிநாட்டுச் சங்கதி இல்லை, இங்கும் வரும். வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எந்த வேலைக்கு வர வேண்டும், வருவதற்கு முன் நாம் என்ன செய்திருக்க வேண்டும் என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

மண்டபக் குப்பை எப்படி உருவாகிறது என்பதைப் பந்தியில் உட்கார்ந்த எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேசைமேல் நீளமாகக் காகிதம் விரிக்கிறார்கள். அதன்மேல் இலை. இலைக்கு ஒரு தண்ணீர் பாட்டில், பாயசத்துக்கு ஒரு காகிதக் கப், ஐஸ்கிரீமுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், பீடா சுற்றிய தாள். கை கழுவ எழுந்தோமோ இல்லையோ, நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கிறார். பரிமாறும் பையன்கள் என்ன செய்வார்கள்? ஒரு முனையிலிருந்து காகிதத்தைப் பிடித்து, இலை, மிச்சச் சோறு, பாதி குடித்த பாட்டில், கப் எல்லாவற்றையும் சேர்த்துப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி டிரம்மில் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் கொட்டகைக்கு வருவது அந்தச் சுருட்டுதான். ஓர் இரவு முழுக்க ரசத்திலும் மோரிலும் ஊறிப் புளித்த சுருட்டு.

இதை அந்தக் கேமராவுக்கு முன்னால் போட்டால் அதன் கண்ணுக்கு நனைந்த காகிதம் மட்டும்தான் தெரியும். உள்ளே எட்டு பாட்டில் இருப்பது தெரியாது. உறிஞ்சு கிண்ணமும் ஈரமான, தொளதொளத்த பொருளைப் பிடிக்கத் திணறும்.

கொட்டகையில் அதை ஓர் அக்கா பிரித்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சுருட்டின் முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, வளைந்த கம்பியால் நெம்பி விரித்தார். இலையும் சோறும் உரத்தொட்டிக்கு. பாட்டிலின் மூடியைத் திருகி, மிச்சத் தண்ணீரைக் கொட்டி, ஒரே மிதி. தட்டையாகிச் சாக்குக்குள் போனது. காகிதக் கப்பை எடுத்து என்னிடம் நீட்டி, உள்பக்கத்தை நகத்தால் கீறிக் காட்டினார். பூண்டுத் தோல் போல மெல்லிய பிளாஸ்டிக் உரிந்து வந்தது. "பேருக்குத்தான் காகிதம், தம்பி. இதை மாடும் தின்னாது, மண்ணும் தின்னாது" என்றார்.

கவர்களை அவர் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கசக்குகிறார், சத்தத்தைக் கேட்கிறார், போடுகிறார். மெத்தென்று அடங்கினால் பால் கவர். பழைய பொருள் கடையில் விலை போகும். மொடமொடவென்று சத்தம் போட்டால் பலகாரக் கவர். உள்ளே வெள்ளி மின்னும் வகை என்றால் அதற்கு விலையே கிடையாது. இரண்டு மூன்று படலங்களை ஒன்றாக ஒட்டிச் செய்த அந்தக் கவரை யாரும் உருக்கி வாங்க மாட்டார்கள். டெல்டாவின் குப்பைக் கிடங்குகளில் சேரும் இத்தகையவற்றில் பல கடைசியில் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளின் சூளைக்கு எரிபொருளாகப் போகின்றன. நிமிடத்துக்கு 80 எடுத்தாலும் 800 எடுத்தாலும், வாங்க ஆளில்லாத பொருள் மறுசுழற்சி ஆகாது. அதைச் செய்து விற்ற கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

ஓட்டலில் சாப்பாடு கட்டித் தரும் கறுப்பு டப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கறுப்புக்குக் காரணமான கரித்தூள் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். திரும்பி வரும் ஒளி இல்லாததால் கருவிக்கு அது எந்தப் பிளாஸ்டிக் என்றே தெரிவதில்லை. அக்காவிடம் அப்படி ஒரு டப்பாவைக் கொடுத்தேன். விளிம்பை ஒடித்துப் பார்த்தார், "இது வேறு சாக்கு" என்று சொல்லித் தூக்கிப் போட்டார்.

அவரிடம் அந்தக் காணொளியைக் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை வாங்கி, மூன்று முறை பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, இது எந்த ஊர்க் குப்பை?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ரோபோ நன்றாக வேலை செய்ய வேண்டுமென்றால் குப்பை ஈரமில்லாமல் வர வேண்டும், சோறு கலக்கக் கூடாது, ஒன்றின்மேல் ஒன்று குவியாமல் பட்டையில் பரவி வர வேண்டும். இதைத்தானே அந்த அக்காவைப் போன்ற தூய்மைப் பணிப் பெண்கள் ஒவ்வொரு நாளும் பேட்டரி வண்டியை நிறுத்தி, விசில் ஊதி, வாசலில் நின்று கேட்கிறார்கள்? "அம்மா, மக்குவதைத் தனியாகக் கொடுங்கள்." கேட்டோமா? மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இலேயே சொல்லிவிட்டன. நாப்கினையும் குழந்தைகளின் டயப்பரையும் நன்றாகச் சுற்றித்தான் போட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. நாளைக்குப் பெரும் பணம் கொடுத்து ஓர் இயந்திரத்தை வாங்கினால், அது பழுதாகிவிடுமே என்ற பயத்தில் ஈரக் குப்பையை ஒருவரும் உள்ளே விட மாட்டார்கள். ஒரு மனுஷியின் கை பழுதாகும் என்று நமக்கு ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை? இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. முதலில் என்மேல்தான். என் வீட்டிலும் போன வருஷம்வரை ஒரே வாளிதான்.

பழுதானது உண்மை. அந்த அக்காவின் வலது ஆள்காட்டி விரலில் ஒரு தழும்பு. யாரோ வீட்டில் சர்க்கரை நோய்க்குப் போட்ட ஊசியைப் பால் கவருக்குள் செருகிப் போட்டிருக்கிறார்கள். கவரைக் கசக்கிச் சத்தம் கேட்கப் போனவருக்கு ஊசி ஏறியது. தடுப்பூசி போட்டு, ரத்தப் பரிசோதனை செய்து, மறுபடி பரிசோதனை செய்து, ஒன்றும் இல்லை என்று தெரியும்வரை பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டவில்லையாம். அதைச் சொன்னபோது மட்டும் அவர் கை நின்றது. பிறகு சொன்னார்: "ஊசியையும் கண்ணாடியையும் அந்தக் கை எடுக்கட்டும், தம்பி. பால் கவரை நான் எடுத்துக்கொள்கிறேன்."

எந்த வேலைக்கு இயந்திரம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆலோசகரும் சொல்லிவிட முடியாது. எங்களுக்கு இதில் முன்னுதாரணமும் இருக்கிறது. 2018-இல் கும்பகோணத்தில் பாதாளச் சாக்கடையின் ஆள்நுழைவுக் குழிகளைச் சுத்தம் செய்ய ரோபோ வந்தது. கேரளத்து இளைஞர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்'. நம் ஊர்ப் பெருச்சாளிதான் அந்தப் பெயர். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைக் குழிக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பிறகும் நச்சுவாயுவில் செத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் குழிக்குள் மனிதர் போகவே கூடாது. அங்கே இயந்திரம்தான் நியாயம். சுத்தம் செய்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து அந்த இயந்திரத்தை இயக்க வைப்பதும் சரியான வழி. குப்பை பிரிப்பதிலும் அதையே கேட்கிறேன். இயந்திரம் வந்தால் அதன் பொத்தான் அந்த அக்காவின் கையில் இருக்க வேண்டும். எந்தச் சாதியாரின் தலையில் இந்த வேலை காலங்காலமாகக் கட்டப்பட்டது என்று நம் எல்லோருக்கும் தெரியும். நாற்றமெல்லாம் அவர்களுக்கு, பட்டையும் கேமராவும் வந்தபின் சம்பளம் வேறு யாருக்கோ என்றால் அதற்குப் பெயர் வளர்ச்சி அல்ல. பால் கவர் விற்ற காசில்தான் அவர் பேரனுக்கு நோட்டு வாங்குகிறார். அந்தக் காசு இயந்திரத்தோடு சேர்ந்து ஒப்பந்தக்காரரின் கணக்குக்குப் போய்விடக் கூடாது.

டெல்டாக்காரர்களுக்கு இது வாசலோடு முடிகிற விஷயமும் இல்லை. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து, சில நாட்களில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருகிறது. அந்த முதல் தண்ணீரைப் பார்க்கச் சின்ன வயதில் ஓடுவோம். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். இப்போது பாட்டிலையும் டயப்பரையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மதகில் அடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்கு ஒரு முழம் தண்ணீர்கூட ஏறாது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி அதை இழுத்துப் போடுவது விவசாயிகள்தான். அங்கே எந்தப் பட்டை ஓடும், எந்தக் கேமரா பார்க்கும்?

நடவு வயலில் உடைந்த மது பாட்டில் காலைக் கிழிப்பது இங்கே பழகிப்போன செய்தி. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கி, படிப்படியாகப் பல மாவட்டங்களுக்கு வந்தது. பத்து ரூபாய் என்றதும் பாட்டில் தானாகக் கடைக்கு நடக்கிறது. குப்பைக்கு வந்தபின் பிரிப்பதைவிடக் குப்பைக்கே வராமல் செய்வது எவ்வளவு மலிவு என்று பாருங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் ஏன் இப்படிச் செய்யக் கூடாது?

2028-இல் கும்பகோணத்தில் மகாமகம். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் வந்து போவார்கள். அந்தக் குப்பையைக் கையால் மட்டும் பிரிப்பது நடக்காது. இயந்திரம் கட்டாயம் வேண்டும், அதைக் கேட்கவும் வேண்டும். அதற்கான திட்டம் போடும் கூட்டத்தில் தூய்மைப் பணியாளர்கள் இரண்டு பேருக்காவது நாற்காலி போடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

என் அண்ணன் மகனுக்கு வரும் தையில் கல்யாணம். போன வாரம் மண்டபத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தேன். மேசைக் காகிதம் வேண்டாம், துடைத்துக்கொள்கிறோம். பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் டம்ளர் போதும். பாயசம் இலையிலேயே விழட்டும். கழுவுவதற்கு இரண்டு ஆள் கூடுதலாக வேண்டும், கூலி எவ்வளவு ஆகும் என்று மண்டபத்துக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னார். தண்ணீர் பாட்டிலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவுதான். எச்சில் இலைகளை எடுத்துப் போக அக்கரையில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் வண்டியோடு வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். "இலைக்குள் பிளாஸ்டிக் இருக்காதே?" என்று இரண்டு முறை கேட்டார். இருக்காது என்று சொல்லியிருக்கிறேன்.