ஐந்து துளை இருந்தாலும் வழி ஒன்றுதான்
“சிரிம் முத்திரை இருந்தால் எக்ஸ்டென்ஷனில் ஐந்து பிளக்கையும் தாராளமாகப் போடலாம்” என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். மலேசியாவில் மின்சாதனங்களுக்கான தரச்சான்றான அந்த சிரிம் முத்திரை அவசியம்தான், ஆனால் அது எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதற்கான அனுமதி இல்லை. எத்தனை துளை இருந்தாலும் மின்சாரம் முழுதும் சுவரில் செருகிய அந்த ஒரே 13 ஆம்பியர் பிளக் வழியாகத்தான் வரும். நம் 230 வோல்ட்டில் அது மொத்தமே சுமார் 3,000 வாட். 2,000 வாட் கெட்டிலோடு 1,500 வாட் ஏர் ஃபிரையரையும் போட்டால் கணக்கு தாண்டிவிட்டது.

பியூஸ் காப்பாற்றும் என்கிறீர்களா? கொஞ்சம் தாண்டினால் அது உடனே போகாது. அதற்குள் வயர் சூடேறும், சுருட்டி வைத்திருந்தால் இன்னும் மோசம். பினாங்கின் பழைய ஃபிளாட்டுகளில் அடுப்படிக்கு சாக்கெட் பற்றாது, தெரியும். அப்படியும் கெட்டிலை நேராகச் சுவரில் போடுங்கள். சார்ஜர், வைஃபை எல்லாம் எக்ஸ்டென்ஷனில் இருக்கட்டும்.