பேஸ்பால் முடிவு '95% உறுதி': ஃபார்வர்டு செய்தி தவறு

எம்எல்பி (அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால்) ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று 95% சரியாகச் சொல்லும் ஃபார்முலா இருப்பதாக ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அப்படி எதுவும் கிடையாது.

2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி 162 ஆட்டங்களில் 121-ல் தோற்றது. 'இன்றும் தோற்கும்' என்று தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் 41 முறை பிசகியிருக்கும், தேறுவது 75%தான். 2001-ல் 116 ஆட்டங்களை வென்ற சியாட்டில் மரைனர்ஸ் அணிக்கே 46 தோல்வி.

காரணம், ஆட்டத்தில் எதிர்பாராதது நிறைய நடக்கும். பளாரென்று அடித்த பந்து நேராக ஃபீல்டரின் கையுறைக்குள் போகும். மட்டையில் சரியாகப் படாதது ஆளில்லாத இடத்தில் விழுந்து ரன் தரும். தொடக்கப் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கும் பந்து வீச்சாளர்) ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவதிலேயே வெளியேறினால் காலையில் போட்ட கணக்கு பாதி காலாவதி.

எம்எல்பி இணையதளத்தின் ஸ்டாண்டிங்ஸ் (வெற்றி-தோல்விப் பட்டியல்) பக்கத்தில் ஆண்டை மாற்றி இந்த எண்களைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள். அதை நம்பிப் பணமும் கட்டாதீர்கள்.