காருக்கு ஏறிய கட்டை சைக்கிளுக்கு ஏன் இறங்கியது?

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நம் கொடைக்கானலில் காட்டுக்குள் போகும் பாதையின் சாவடியில், கார்களுக்குத் தடுப்புக் கட்டையை ஏற்றிவிட்டார்கள், சைக்கிளில் போன என்னையும் என் மகளையும் சேர்த்து மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் படத்தைப் போட்டதே நான்தான். மூன்று நாட்களாக வந்த பின்னூட்டங்களை ஒன்றுவிடாமல் படித்துவிட்டேன். "சட்டம் என்றால் சட்டம்தான்." "உங்கள் பாதுகாப்புக்காகத்தானே சொன்னார்கள்." "பெற்ற பெண்ணைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போக உங்களுக்கு அறிவில்லையா?" இந்தக் கடைசி வரியை எழுதியவர் எனக்குப் பத்து வருடப் பழக்கம். அவரவருக்குத் தனித்தனியாகப் பதில் எழுத மனம் வரவில்லை. மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தச் சாவடியின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நின்ற காவலர் மீது எனக்குக் கோபமும் இல்லை. என் தம்பி வயதிருக்கும். குளிரில் காதுவரை மப்ளர் சுற்றிக்கொண்டு, "சைக்கிளுக்கு அனுமதி இல்லை சார், எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஆனால் நாங்கள் மூன்று பேர் ஓரமாக நின்ற இருபது நிமிடத்தில் பன்னிரண்டு கார்கள் உள்ளே போயின. ஒவ்வொரு முறையும் கட்டை மேலே ஏறி இறங்கியது. என் மகள் எண்ணிக்கொண்டே நின்றாள். பன்னிரண்டாவது கார் வந்து நின்றதும் என் பக்கம் திரும்பி, "இவர்கள் எல்லாரும் போகிறார்கள், நாம் மட்டும் ஏன்ப்பா போகக் கூடாது?" என்றாள்.

பதினைந்து வயதுப் பெண். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சைக்கிளைத் திருப்பு என்று மட்டும் சொன்னேன்.

புகை விடுகிற வண்டி போகலாம், காலால் மிதிக்கிற வண்டி போகக் கூடாது. காட்டைக் காப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு என்றால் யாராவது பொறுமையாக எனக்கு விளக்குங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் பேசியவர்களுக்கு முதலில் ஒன்று. கொடைக்கானல் வனவுயிர் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது, சுமார் 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் கண்டபடி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு எந்தெந்தக் காரணங்களுக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது. அதில் சுற்றுலாவும் இருக்கிறது. வருகிறவர் என்ஜின் வைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 2024 மே 7 முதல் நம் ஊருக்கும் நீலகிரிக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்னும் இணைய நுழைவுச் சீட்டு வைத்தது உயர் நீதிமன்றம். 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டியது. நீதிமன்றம் எண்ணச் சொன்னது வண்டிகளை. மலைக்கு எது பாரம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. சாவடியில் மட்டும் ஏன் அது தலைகீழாகிறது?

என் அப்பா ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் வைத்திருந்தார். எட்டு சைக்கிள், ஒரு காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் பார்க்க ஒரு தகரத் தொட்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தொட்டித் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பது என் வேலை. டிசம்பரில் அந்தத் தண்ணீரில் கைவைத்தால் விரல் மரத்துப்போகும். ஏரியைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டரில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் சைக்கிள் பழகினோம். இன்று மே மாதத்தில் அந்தச் சாலையில் ஒரு குழந்தையைச் சைக்கிளோடு விட்டுப்பாருங்கள். ஹாரன் சத்தத்திலேயே அழுதுவிடும். அதனால்தான் மண் பாதைகளைத் தேடிப் போக ஆரம்பித்தேன். ஆசைக்காகப் போனேன் என்று நினைக்காதீர்கள், வேறு வழியில்லாமல் போனேன்.

மண் பாதை என்றால் என்னவென்று தெரியாமலேயே பலர் எழுதுகிறார்கள். தார் போடாத பழைய வண்டித்தடம், சரளைக்கல் பரப்பிய ஜீப் பாதை. அதில் ஓட்டுவதற்கு 40 மில்லிமீட்டர் அகலத்தில் டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துவைக்க வேண்டும். கல்லின் மேல் டயர் அமுங்கி அமுங்கிப் போகும். நெருநெருவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நின்றால் அதுவும் இல்லை. சோலைக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்கும்.

போன நவம்பரில் பூம்பாறைக்கு மேலே அப்படி ஒரு பாதையில் நானும் மகளும் போனோம். அது சரணாலயத்துக்கு வெளியே, அனுமதி வேண்டாத தடம். மூடுபனி. வளைவில் முப்பது அடி தூரத்தில் ஒரு காட்டுமாடு. முட்டிக்குக் கீழே நான்கு காலும் வெள்ளைவெளேர் என்று, மேலே கரும்பாறை மாதிரி உடம்பு. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நாங்கள் இறங்கி, சைக்கிளை எங்களுக்கு முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, பேசாமல் பத்தடி பின்னால் நகர்ந்து நின்றோம். அது எங்களைப் பார்த்தபடியே அசை போட்டது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு தன்பாட்டுக்குச் சரிவில் இறங்கிப்போய்விட்டது. மகளின் கை என் சட்டையைப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அதே வாரம் தார்ச் சாலையில் இன்னொரு காட்டுமாட்டைச் சுற்றி நான்கு கார்கள் நின்றன. ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டை ஆட்டிக் கூப்பிடுகிறார், இன்னொருவர் படம் எடுக்கிறார். பாதுகாப்பு பற்றிப் பேசுபவர்கள் அந்த இடத்தில் ஒருநாள் வந்து நிற்க வேண்டும்.

"ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு?" நியாயமான கேள்வி. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். யானை நடமாடும் தடங்களை நான் கேட்கவில்லை. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் சைக்கிள் விடச் சொன்னால் நானே எதிர்ப்பேன். சத்தமில்லாமல் போவதால் விலங்குகள் திடுக்கிடும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது உண்மை, மறுக்க மாட்டேன். மணி அடித்துக்கொண்டே மெதுவாகப் போகலாம், வழிகாட்டி ஒருவரோடு போகலாம், இரண்டுக்கும் சம்மதம்.

இது பணக்கார விளையாட்டு என்கிறார்கள். என் சைக்கிள் பழையது, டயர் மட்டும்தான் புதிது. உள்ளே போன பன்னிரண்டு காரின் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் பேசட்டும்.

உலகத்தில் யாரும் செய்யாததையா கேட்கிறேன்? அலாஸ்காவில் டெனாலி தேசியப் பூங்காவின் சாலை ஏறக்குறைய 148 கிலோமீட்டர். அதில் சொந்தக் காருக்கு முதல் 24 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் சரளைப் பாதை. பூங்காவின் பஸ் போகலாம், நடந்து போகலாம், சைக்கிளில் போகலாம். கிரிஸ்லி கரடி திரிகிற காடு அது. அங்கே காரை நிறுத்திவிட்டுச் சைக்கிளை விடுகிறார்கள். வயதானவர்கள் எப்படிப் போவார்கள் என்று கேட்டவர்களுக்கும் அந்த பஸ்ஸே பதில். அவ்வளவு தூரம் வேண்டாம், ராஜஸ்தானில் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவுக்குப் போங்கள். 1985-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். வாடகைச் சைக்கிளில் உள்ளே போய்ப் பறவை பார்க்கலாம். அது சமதரை, நம்முடையது மலை என்பீர்கள். மலை என்பதால் கார் எளிதாகிவிடுகிறதா?

நம் ஊரிலிருந்து பேரிஜம் ஏரி தாண்டி மூணாறு பக்கம் போன பழைய சாலை 1990-இல் மூடப்பட்டது. அதைத் திறக்க வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. காருக்குத் திறக்கவே கூடாது. அந்தச் சாலையில் ஒருமுறையாவது சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து ஆசைப்படுகிறவன் சொல்கிறேன். காரையும் விட்டால்தான் உன்னை விடுவேன் என்றால் எனக்கு வேண்டாம். காட்டுக்குள் மனிதனே போகக் கூடாது என்று முடிவெடுத்தாலும் கட்டுப்படுவேன், எல்லாரையும் நிறுத்துங்கள், நானும் நிற்கிறேன். பன்னிரண்டு காரை விட்டுவிட்டு மூன்று சைக்கிளை நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது மகளுக்கு எட்டு வயது. வரிசையாக நின்ற கார்களுக்கு இடையில் என் தோளில் உட்கார்ந்து, புகை நாற்றத்தோடு பார்த்தாள். அடுத்து 2030. அப்போது அவளுக்கு இருபது. படிப்புக்கோ வேலைக்கோ கீழே இறங்கிப் போயிருப்பாள், இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். வாரக் கடைசிக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்த அளவுகூட இந்த மலையை அறியாமல் அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. பெற்ற பெண்ணைக் காட்டுக்கு ஏன் கூட்டிப்போனாய் என்று கேட்ட நண்பரே, இதற்காகத்தான்.

திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். ஒரு பாதை, ஒரே ஒரு பாதை. வாரத்தில் இரண்டு காலை, ஆறரை மணியிலிருந்து ஒன்பதரை வரை என்ஜின் வண்டி எதுவும் இல்லாமல். நாளுக்கு இருபது சைக்கிள், கூட ஒரு வழிகாட்டி, அவருக்கு உரிய கூலி எங்கள் கட்டணத்திலிருந்து. மகள்தான் நல்ல கையெழுத்தில் படி எடுத்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் அப்பாவின் பழைய கடை இருந்த இடத்துக்கு வாருங்கள். அந்த நண்பரும் வரலாம். சைக்கிள் இல்லையென்றால் என்னிடம் இன்னொன்று இருக்கிறது, காற்று அடித்து வைக்கிறேன்.