மடத்தின் திறப்பைத் தாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலடியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும்: நாங்கள் சனத்துக்குப் பிரஷர் பார்க்கிற மடத்தைக் கோயில் சபை பூட்டிவிட்டது, திறப்பும் தரவில்லை. வீடியோவும் சுற்றிவிட்டது. இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்றிரவு ஒரு அண்ணை "மடம் என்ன ஆஸ்பத்திரியோ?" என்று எழுத, அதற்கு ஊர் ஆக்களே லைக் போட்டிருந்ததைப் பார்த்த பிறகு முடியவில்லை.

ஆஸ்பத்திரி இல்லைத்தான். நாங்களும் அதை ஆஸ்பத்திரி ஆக்கவில்லை. வருசத்தில் பத்து நாள் திருவிழாவுக்குத் திறந்து, மிச்ச நாளெல்லாம் பூட்டிக் கிடக்கிற மடத்தில் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் பிரஷரும் சீனியும் பார்த்தோம். ஓய்வுபெற்ற மிஸி (தாதி) ஒருவர், பெயர் எழுத இரண்டு பிள்ளைகள், ஒரு மெஷின். குளிசை கொடுப்பதில்லை. 140க்கு 90ஐத் தாண்டினால் கொஞ்ச நேரம் இருக்கவிட்டுத் திரும்பப் பார்ப்பார். அப்பவும் இறங்காவிட்டால் துண்டில் எழுதிக் கிளினிக்குக்கு அனுப்புவார். இதற்குத்தான் பூட்டு.

"பெரியாஸ்பத்திரி இருக்கு, இலவசம், அங்கை போகட்டும்" என்கிறார்கள். இலவசம்தான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக் நாள் என்றால் விடிய முதல் வெளிக்கிட வேண்டும், நம்பர் எடுக்க வேண்டும், வீடு வர மத்தியானம் ஆகும். அன்றைய கூலி போய்விடும். எங்கள் பின் ஒழுங்கையில் கூலி வந்தால்தான் அன்றைக்கு உலை. பிரஷர் நோகாது, விழுத்தும் வரைக்கும் இருப்பதே தெரியாது. நோகாத வருத்தத்துக்கு ஒரு நாள் கூலியை யார் விடுவார்கள்? கோயிலுக்கு என்றால் எப்படியும் வருவார்கள். வருகிற இடத்தில் பார்ப்போம் என்றுதான் தொடங்கினோம்.

போன மாசம் மீன் விற்கிற அக்கா ஒருவர் வந்தார். மெஷின் பட்டியின் ஒட்டு தேய்ந்துவிட்டது, காற்று ஏறும்போது ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அன்று பிடித்தது நான். ஐஸுக்குள் கிடந்த மீனை அள்ளிய குளிர் அவரின் கையில் அப்படியே இருந்தது. 182க்கு 110. மிஸி முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "தங்கச்சி, இரவிலை நித்திரை வருதோ?" என்று மட்டும் கேட்டார். அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். லோன்காரர் வெள்ளிக்கு வெள்ளி படலையில் வந்து நிற்பது. மகன் இரவில் எங்கே போகிறான் என்று தெரியாதது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு தம்பியைப் பற்றி எவரும் ஒரு சொல் சொல்லாதது. "யோசனைதான் பிள்ளை. யோசிச்சு யோசிச்சு நெஞ்சு அடைக்குது." திரும்பப் பார்த்தபோது 164. அது காணாது என்று மிஸி துண்டு எழுதினார். அடுத்த நாளே போனார், இப்போது குளிசை போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்கு முன்னால் கிளினிக் கொப்பியோடு நின்றவர் அவர்தான். அந்த வீடியோவுக்குத்தான் சிரிக்கிற முகம் போட்டிருக்கிறீர்கள்.

யோசனைக்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்றும் ஒருவர் கேட்டார். பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தத்துக்குள் யாழ்ப்பாணத்தில் இருந்தே வைத்தியம் பார்த்த உளமருத்துவர். சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்கு செபம், முஸ்லிம்களுக்கு சுபஹானல்லாஹ் என்று அவரவர் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதை ஆற்றுகிற முறையை எழுதி வைத்தவர். ஞாயிறுகளில் மடத்துப் பாயில் இருந்து நாங்கள் பத்து நிமிடம் செய்ததும் அதுதான். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். "அவை மதம் மாத்த வந்தவை" என்பீர்கள். சரி, ஒருவரையும் மாற்ற நினைக்காத நாங்கள் ஏன் செய்யக்கூடாது?

ஒரு பயம் மட்டும் நியாயமானது. கும்பிட்டால் சுகம் வரும் என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். என் சித்தப்பா அப்படி இன்சுலினை விட்டுக் காலை இழந்தவர். அதனால்தான் "குளிசையை நிறுத்த வேண்டாம்" என்று மடத்துச் சுவரில் முதல் நாளே எழுதி ஒட்டினோம். அந்தத் தாளையும் கிழித்துவிட்டார்கள்.

இனித் துடக்குக்கு, அதாவது தீட்டுக்கு வருகிறேன். விரலில் ஊசி குத்தினால் இரத்தம், இரத்தம் துடக்கு என்று சபையில் ஒரு ஐயா சொன்னார். பெரியவர், அவரின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. மடம் வீதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எடுப்பது ஒரு சொட்டு. பஞ்சில் துடைத்து, ஊசியை ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டு மூடி மிஸி கையோடு கொண்டு போய்விடுவார். அதே வீதியால்தான் தேரன்று முதுகில் முள்ளுக் குத்தித் தூக்குக்காவடி வருகிறது. எங்கள் அப்பாவும் எடுத்தவர். நேர்த்திக்குக் குத்துகிற முள்ளுக்கு இல்லாத துடக்கு, உயிருக்காகக் குத்துகிற ஊசிக்கு எங்கே இருந்து வந்தது? மூன்று தரம் கேட்டேன்.

பதிலுக்கு "உந்த ஆக்கள் எல்லாம் மடத்துக்குள்ளை..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. பின்னால் நின்ற அக்காவுக்கும் கேட்டது. இந்த நாட்டில் சாதி பார்த்து வாசலில் மறிப்பதற்கு எதிராக 1957இல் சட்டம் வந்தது. வந்தும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகச் சனம் வாசலில் இருந்து போராட வேண்டியிருந்தது. இப்போது திறப்பு வைத்திருக்கிறவர் ஒரு சொல்லைப் பாதியில் விழுங்கினால் போதும்.

1995 ஒக்டோபர் 30 எனக்குப் பதினொரு வயது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து, மழைக்குள் வலிகாமம் முழுக்கத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சாவகச்சேரிப் பக்கம் ஒரு கோயில் மடத்தில் பதினேழு நாள் படுத்தோம். நடந்து வீங்கிய அம்மம்மாவின் காலுக்கு, முன்பின் தெரியாத ஒரு அம்மா சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தார். நீங்கள் எந்த ஆக்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்களைப் பூட்டிய சபையிலும் அன்று ஏதோ ஒரு மடத்தில் படுத்து எழும்பியவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பெயர் தெரியும், சொல்லமாட்டேன். அவர்களிடம்தான் கேட்கிறேன், மடத்தைத் திறவுங்கள். ஞாயிறு இரண்டு மணித்தியாலம். கூட்டிக் கழுவித்தான் திறப்பைத் திருப்பித் தருவோம், இவ்வளவு நாளும் அப்படித்தான் தந்தோம்.

திறந்தாலும் திறக்காவிட்டாலும் வாற ஞாயிறு காலை 7 மணிக்கு மிஸியும் நானும் தேர்முட்டிப் படியில் இருப்போம். கிளினிக் கொப்பி இருக்கிற ஆக்கள் அதையும் கொண்டு வாருங்கள். சீனி பார்க்கிற ஆக்கள் தேத்தண்ணி குடிக்காமல் வாருங்கள்.