மாடு மட்டும் பார்க்க வந்தவர்களுக்கு

சனிக்கிழமை பிள்ளைகளோடு ஜார்ஜ் ராஞ்ச் (ஹூஸ்டன் பக்கம் பழைய மாட்டுப் பண்ணை, இப்போது வரலாற்றுப் பூங்கா) போய்வந்ததிலிருந்து பெற்றோர் குழுவில் நடக்கும் கூத்து உங்களுக்குத் தெரியும். "மாடு காட்டக் கூட்டிப்போனால் அடிமைக் கதை சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்துகிறார்கள்" என்று ஒருவர். அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள்.

சரி. 1824-ல் அந்தப் பண்ணையைத் தொடங்கிய ஹென்றி ஜோன்ஸ் டெக்சாஸில் நிலம் பெற்றார். பருத்தி தானாகவா பறித்துக்கொண்டு மூட்டைக்குள் போய் உட்கார்ந்தது? அடிமைகளைச் சொல்லாமல் மரவீட்டை மட்டும் காட்டினால் அது வரலாறு இல்லை, வீட்டு விளம்பரம்.

என் மகளுக்கு எட்டு வயது. உண்ணி மருந்துத் தொட்டியில் மாடு தொப்பென்று குதித்து, கொம்பு மட்டும் தெரிய நீந்தி வந்ததைப் பார்த்துக் கை தட்டினாள். அதே பிள்ளைதான் அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர் குடிசையில் நின்று, "1865-லயே விடுதலை ஆயிட்டாங்களே, அப்புறமும் ஏன் இவங்களுக்கு நிலம் இல்ல?" என்று கேட்டாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள். தூங்காதது நான்.

வயது வரட்டும் என்கிறீர்கள். ஐபேட் விளையாட்டில் நடைப்பிணங்களைத் துப்பாக்கியால் சுட வயது வந்துவிட்டது, இதற்கு வரவில்லையா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றால், இருக்கலாம். "இவர்கள் வரலாறு நமக்கெதற்கு?" என்பதுதான் தாங்கவில்லை. 2018-ல் இதே ஹூஸ்டன் பக்கம் சுகர்லேண்டில் பள்ளிக்கூடம் கட்டும் இடத்தில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. சிறையிலிருந்து தோட்ட முதலாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டு வேலை வாங்கப்பட்ட கறுப்பினக் கைதிகள். நாம் "நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்று விலை ஏற்றி வீடு வாங்கிய மண் அது.

தஞ்சாவூர்ப் பக்கம் என் தாத்தாவுக்கு ஐந்து வேலி நிலம். அந்தப் பெருமையைக் கேட்டே வளர்ந்தேன். கொல்லைப்புறத்தில் ஒருவர் கொட்டாங்குச்சியை நீட்டுவார், பாட்டி மேலிருந்து காப்பியை ஊற்றுவாள், ஒரு சொட்டு கையில் படாமல். "ஏன் பாட்டி டம்ளர் கொடுக்கல?" என்று கேட்டதற்கு, சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றார்கள். வண்டிமாடுகளின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது: செவலை, மயிலை. அவர் பெயர் தெரியாது. கேட்டுச் சொல்ல இப்போது வீட்டில் யாரும் இல்லை.

"உங்கள் குற்றவுணர்ச்சியை எங்கள் பிள்ளைகள் மேல் திணிக்காதீர்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பத்து வருஷமாக என் வீட்டில் பொங்கல் சாப்பிடுகிறவர். நன்றி சார்.

குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை, நானே விலகினேன். அடுத்த பாட்லக் விருந்தில் என் பெயருக்கு நேரே இருக்கும் தயிர்சாதத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.